தேசிய விமான சேவையும் வாணிக நெறியும்

1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் திகதி, எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அரியாலை முதலான யாழ்ப்பாணத்து ஊர்களுக்கு அன்றே வான்வழி வாயில் திறந்தது எனலாம். எயார் சிலோன் 1978இல் மறைந்தது. அடுத்த ஆண்டில் எயார் லங்கா தோன்றியது.

1998இல் அரசாங்கம் அதன் பங்குகளில் ஒரு பகுதியைத் துபாயின் எமிரேட்ஸ் நிறுவனத்துக்கு விற்று, பத்தாண்டுகளுக்கு முகாமைப் பொறுப்பையும் ஒப்படைத்தது. சேவை ‘சிறீலங்கன்’ என்னும் புதுப்பெயர் பூண்டது. புதிய எயார்பஸ் விமானங்கள் வந்தன. 2001 யூலையில் கட்டுநாயக்காத் தாக்குதலில் விமானங்கள் பல அழிந்தபோதும், நிறுவனம் மீண்டெழுந்தது.

விமானங்கள் புதியனவாயின, அதிகாரம் யாருடையது என்ற வினாவோ பழையதாகவே இருந்தது. 2007 டிசம்பரில், இலண்டனிலிருந்து திரும்பவிருந்த சனாதிபதியின் குழுவினருக்காக, ஏற்கெனவே சீட்டுப் பெற்ற பயணிகளை விலக்க முகாமை இணங்கவில்லை. முதன்மை நிருவாகியின் வேலை அனுமதி நீக்கப்பட்டது. 2008இல் முகாமை உடன்படிக்கை முடிவுற்றது; 2010இல் அரசாங்கம் பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பின்னர் ஏற்பட்ட நட்டமும் கடனும் பொதுமக்கள் தலையில் விழுந்தன. மீண்டும் விற்கும் முயற்சி 2024இல் கைவிடப்பட்டது.

அயல்நாட்டில், 2022இல் எயார் இந்தியாவை ஏற்ற டாட்டா குழுமம், மறு ஆண்டிலேயே 470 விமானங்களுக்குக் கட்டளையிட்டது. ஆயினும் இலாபம் உடனே கைகூடவில்லை. உடைமை மாறுவதும் விமானம் புதிதாவதும் தொடக்கமே என்பது இதனாற் புலனாகும்.

வாணிக வாய்ப்புக்குக் குறைவில்லை. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் மக்களைக் காணச் செல்வோர் அரியாலை போன்ற ஊர்களில் ஏராளம். 2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து வந்திறங்கியது இந்திய நிறுவனமொன்றின் விமானமே.

உடைமையாளர் அரசாயினும் தனியாராயினும், இரு நெறிகள் இன்றியமையாதவை. விலை கொடுத்துச் சீட்டு வாங்கியவனுக்கே ஆசனம் உரியதாதல் வேண்டும். நாட்டின் தேவைக்காக அரசு நட்டத்தில் ஒரு சேவையை நடத்தச் சொன்னால், அதன் செலவைத் தனிக்கணக்கில் வெளிப்படையாக ஏற்றல் வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். ஆகாயத்திலே போடுவதற்கும் அதுவே விதி.