ஒன்பதே கால் மணி லண்டன்

அரூர்ல இருந்து பேசறேன். கேமராவுக்குக் கிட்ட காட்டறேன் பாருங்க, இது எங்க தாத்தாவோட ரேடியோ லைசென்ஸ் புத்தகம். வருசா வருசம் தபால் ஆபீஸ்ல பணம் கட்டினா ஸ்டாம்பு ஒட்டி, முத்திரை குத்திக் குடுப்பாங்க. பாட்டு கேக்க லைசென்ஸான்னு இப்பப் பசங்க சிரிக்கறாங்க. எண்பதுகள்லதான் இந்த லைசென்ஸை ஒழிச்சாங்க. வெள்ளைக்காரன் ஊர்ல 1922லயே இருந்த பழக்கம். பத்து ஷில்லிங்.

தாத்தாவுக்கு ராத்திரி 9.15தான் கணக்கு. முள்ளை இம்மி இம்மியா நகர்த்துவார். ஒரே இரைச்சல், நடுவுல யாரோ புரியாத பாஷையில பேசுவாங்க, அப்புறம் லண்டன் வரும். பிபிசியோட தமிழோசை. ரெண்டாம் உலகப் போர் நடந்துட்டிருந்தப்ப, 1941 மே 3ல ஆரம்பிச்ச ஒலிபரப்பு. அந்தப் பேரை வெச்சவர் ஈழத்து சோ. சிவபாதசுந்தரம், சொல்லு பாரதியார்கிட்ட எடுத்தது.

1984 அக்டோபர் 31. இந்திரா காந்தி இறந்ததை ஆகாசவாணி சாயங்காலம் வரைக்கும் வாய் திறந்து சொல்லல. பிபிசி பல மணி நேரம் முன்னாடியே சொல்லிருச்சு. அதுக்கப்புறம் எங்க கடைத்தெருவுல "பிபிசியே சொல்லிட்டான்"னு ஒருத்தர் சொன்னா வழக்கு முடிஞ்சுது.

சரி, அந்தப் பெரிய மனுசன் சொந்த வீட்ல எப்படி?

1930 ஏப்ரல் 18, பெரிய வெள்ளி. ராத்திரி 8.45 செய்தி. அறிவிப்பாளர் வந்தார், இன்னைக்குச் செய்தி ஒண்ணும் இல்லைன்னார். அவ்வளவுதான். மிச்ச நேரத்துக்குப் பியானோ வாசிச்சாங்க. நம்ம சேனல்காரங்க கேட்டா மயக்கம் போட்டுருவாங்க. இங்க கிணத்துல ஆடு விழுந்தாலே "சற்றுமுன்"னு சிவப்புப் பட்டை ஓடுது.

நானும் ரொம்ப நாள் அதை ரசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். எவ்வளவு நேர்மைடா, இல்லாததை இல்லைன்னு சொல்றானேன்னு. அப்புறம் ஒருநாள் அந்தத் தேதி உறுத்துச்சு. 1930 ஏப்ரல்ல செய்தி இல்லையா? ராஜாஜி 13ஆம் தேதி திருச்சியில கிளம்பி, உப்புக் காய்ச்ச வேதாரண்யம் நோக்கி நடந்துக்கிட்டிருக்கார். அதே 18ஆம் தேதி ராத்திரிதான் சிட்டகாங்ல புரட்சிக்காரர் சூர்யா சென் ஆளுங்க ஆயுதக் கிடங்கைப் பிடிச்சாங்க. கூடவே டெலிபோன், தந்தி நிலையத்தையும் அடிச்சு நொறுக்கிட்டாங்க. சேதி வெளிய போகக் கூடாதுன்னு. லண்டன்ல அன்னைக்குப் பியானோ கேட்டதுல அவங்களுக்கும் ஒரு பங்கு இருக்குமோன்னு எனக்கு ஒரு நப்பாசை.

அடுத்தது 1957 ஏப்ரல் ஒண்ணு. டிவியில பனோரமான்னு கனமான நிகழ்ச்சி, ரிச்சர்ட் டிம்பிள்பின்னு ஊரே மதிக்கிற குரல். சுவிட்சர்லாந்துல ஸ்பகெட்டி மரத்துல காய்ச்சுத் தொங்குது, பொண்ணுங்க பறிச்சு வெயில்ல காயப் போடறாங்கன்னு காட்டினாங்க. அந்த மரத்தை எப்படி வளர்க்கறதுன்னு கேட்டு ஜனங்க போன் போட்டாங்க. நாம சிரிக்கலாம். ஆனா நம்ம பக்கம் மரவள்ளிக் கிழங்கை அரைச்சுத்தான் ஜவ்வரிசி பண்றோம்; மலேசியா, இந்தோனேசியா பக்கம் அது நெசமாவே மரத்துல இருந்து வருது. பனை மாதிரி மரம், அதோட தண்டுக்குள்ள மாவு. இதை எங்க தெருவுல சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க.

டீ கதை ஒண்ணு பாக்கி. 1990 ஜூலை 4, உலகக் கோப்பை அரையிறுதி. பெனால்டியில இங்கிலாந்து மேற்கு ஜெர்மனிகிட்டத் தோத்துது. அழுதாங்களோ என்னவோ, டிவி முன்னாடி இருந்து எந்திரிச்சு, டீ போட ஊரே ஒரே சமயத்துல கரண்ட் கெட்டிலைத் தட்டிவிட்டுது. அந்த நிமிசத்துல கரண்ட் தேவை 2,800 மெகாவாட் ஏறிச்சு. நம்ம மேட்டூர் அனல் மின்நிலையம் மொத்தமும் ஓடினாலே 1,440தான்.

தமிழோசை சிற்றலையில 2017 ஏப்ரல் 30ஓட நின்னுபோச்சு. லைசென்ஸ் மட்டும் அங்க நிக்கல. ரேடியோவுக்கு 1971ல ஒழிச்சாங்க, டிவிக்கு இன்னும் இருக்குது. 2025 ஏப்ரல் கணக்குப்படி கலர் டிவிக்கு வருசத்துக்கு 174.50 பவுண்டா இருந்துது. கருப்பு வெள்ளைக்கு 58.50. ஆமாங்க, கருப்பு வெள்ளைக்குன்னு தனியா ஒண்ணு இன்னும் வெச்சிருக்காங்க. பார்வை இல்லாதவங்களுக்கு டிவி பாக்கப் பாதிக் கட்டணம். முழுசா விட்டுக்குடுக்க மனசு வரல போல.