கம்பங்களுக்கு நடுவே 22 ஆண்டுகள்



உதைபந்தாட்டத்திலே கோல் அடித்தவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவர். முன்வரிசை வீரன் பத்து முறை தவறி ஒரு முறை வென்றாலும் அவன் வீரன்தான். கோல்காப்பாளனோ பத்து முறை காத்து ஒரு முறை தவறினாற் குற்றவாளியாகிவிடுகின்றான். அந்த இடத்தில் 22 ஆண்டுகள் நின்ற இத்தாலியர் டினோ சொஃப் என்பவரைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

1942ஆம் ஆண்டில், வட இத்தாலியிலே ஒரு கமக்காரக் குடும்பத்திற் பிறந்தவர் அவர். சிறுவனாயிருந்தபோது இரண்டு பெரிய கழகங்கள், உயரம் போதாதென்று அவரைத் திருப்பி அனுப்பின. அவற்றுள் ஒன்று யுவென்ரஸ். அவர் மனமுடையவில்லை, பொறி திருத்தும் தொழிலைப் பழகிக்கொண்டே விளையாடினார். 1961இல் உடினே நகரக் கழகத்துக்காக முதற்றரப் போட்டியில் இறங்கினார். அன்று அவரைக் கடந்து ஐந்து கோல்கள் புகுந்தன!

அத்தகைய தொடக்கத்தின் பின்னும் அவர் நிலைத்து நின்றார். 1968இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற இத்தாலி அணியைக் காத்தவர் அவரே. 1972இல், முன்பு தம்மை வேண்டாமென்ற யுவென்ரஸ் கழகத்திற் சேர்ந்து, 11 ஆண்டுகள் அதன் வாயிலைக் காத்தார். 1972 முதல் 1974 வரை, சர்வதேசப் போட்டிகளில் 1,142 நிமிடங்கள் ஒரு கோலும் விடவில்லை. 1974 உலகக் கிண்ணப் போட்டியில் அந்தத் தொடரை முறித்தவர், சிறிய நாடாகிய ஹெயிற்றியின் சனோன் என்னும் வீரர்.

1978இல் தூரத்திலிருந்து அடிக்கப்பட்ட பந்துகள் சில அவரைக் கடந்து சென்றன. வயது போய்விட்டது, இனி ஒதுங்கலாமே என்ற பேச்சு எழுந்தது. அவர் வாதாடவில்லை, பயிற்சிக்குப் போனார்.

1982இல், நாற்பது வயதில், அணித்தலைவராக ஸ்பெயினுக்குச் சென்றார். பிரேசிலுடனான போட்டியில் இத்தாலி 3–2 என முன்னின்றது. சமநிலை வந்தாற்கூடப் பிரேசில் அரையிறுதிக்குச் சென்றுவிடும். கடைசி நிமிடங்களில் ஒஸ்கார் தலையால் முட்டிய பந்தை, சொஃப் பாய்ந்து கோட்டின் மேலேயே அழுத்திப் பிடித்தார். சில நாட்களின் பின், யூலை 11ஆந் திகதி, மேற்கு ஜேர்மனியை 3–1 என வென்று உலகக் கிண்ணத்தை ஏந்தினார்.

நண்பர்களே, ஐந்து கோல் விட்ட அன்றே அவர் கையுறையைக் கழற்றியிருந்தால் இந்த வரலாறு இல்லை. பரீட்சையிலோ தொழிலிலோ முதல் நாளிலேயே சறுக்கிவிட்ட இளைஞர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் மறுநாளும் தம் இடத்திற் போய் நிற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.