உள்ளத்தைப் பிளந்து பார்க்க நமக்கு அனுமதி இல்லை

(நமது அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

 

ஆண்டறிக்கையை வாசித்துவிட்டோம். வரவு செலவுக் கணக்கும் உங்கள் கைகளில் இருக்கிறது. கணக்கில் எழுத முடியாத ஒரு விஷயம் மீதி இருக்கிறது. அதைச் சொல்லச் சில நிமிடங்கள் தாருங்கள்.

எதிரே வந்தவர் ஸலாம் சொல்லாமல் போய்விடுகிறார். கல்யாண வீட்டில் சம்பந்தி சரியாக முகம் கொடுக்கவில்லை. அனுப்பிய செய்திக்கு நீல டிக் விழுந்து இரண்டு நாளாகியும் பதில் இல்லை. உடனே நம் மனம் கேட்கிறது: “இவர் உண்மையில் நம்மைப் பற்றி என்னதான் நினைக்கிறார்?” இந்தக் கேள்வி தோன்றாத மனிதர் இங்கே யாரும் இல்லை. மற்றவரின் மனதை அறிய விரும்புவது மனித இயல்பு. அந்தப் பதிலை எந்த வழியில் தேடுகிறோம் என்பதைத்தான் மார்க்கம் கவனிக்கிறது.

உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களின் சம்பவம் நம்மில் பலருக்குத் தெரியும். ஒரு போரில் எதிரி ஒருவரை அவர்கள் நெருங்கியபோது, அவர் கலிமா சொன்னார். ஆனாலும் உஸாமா (ரலி) அவரை வெட்டிவிட்டார்கள். செய்தி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தது. வாளுக்குப் பயந்துதான் அவர் அப்படிச் சொன்னார் என்று உஸாமா (ரலி) காரணம் சொன்னார்கள். அவருடைய உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். விடாமல் திரும்பத் திரும்பக் கண்டித்தார்கள். அன்றுதான் தாம் இஸ்லாத்திற்கு வந்திருக்கக் கூடாதா என்று ஏங்கும் அளவுக்கு உஸாமா (ரலி) வருந்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியிருக்கிறது.

உஸாமா (ரலி) அவர்களுடைய ஊகம் சரியாகக்கூட இருந்திருக்கலாம். அந்த மனிதர் உயிருக்குப் பயந்தே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஆராய்ச்சிக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் போகவே இல்லை. வாய் சொன்னதை ஏற்றுக்கொள்வது நம் கடமை. உள்ளத்தில் இருப்பது அல்லாஹ்வின் பொறுப்பு.

இந்தச் சம்பவத்தை மதரஸாவில் ஓதும் காலத்திலேயே படித்தவர்கள்தான் நாங்கள். இருந்தும் சென்ற ஆண்டு எங்கள் நிர்வாகத்திலேயே ஒரு தவறு நடந்தது. பெயரும் தெருவும் சொல்லாமல், சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடு அதைச் சொல்கிறோம்.

கணவரை இழந்த சகோதரி ஒருவர் மாதந்தோறும் நம்மிடம் அரிசியும் மளிகையும் வாங்கி வந்தார். நோன்பு முடிந்து இரண்டு மாதம் அவர் வரவில்லை. நிர்வாகக் கூட்டத்தில் பேச்சு வந்தது. “மகன் சம்பாதிக்க ஆரம்பித்திருப்பான்” என்றார் ஒருவர். “வேறு எங்கோ உதவி கிடைக்கிறது போல” என்றார் இன்னொருவர். “நம்மீது ஏதோ கோபம்” என்று மூன்றாமவர் சொன்னார். நேரில் கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. அவர் வீட்டுப் பக்கத்துக் கடையில் பேச்சுவாக்கில் விசாரித்து வரும்படி ஒரு தம்பியை அனுப்பினோம். அவர் வந்து, “போன வாரம்தான் அந்த வீட்டுக்கு இரண்டு கிலோ ஆட்டுக்கறி போயிருக்கிறது” என்றார். அவ்வளவுதான். “கறி வாங்க வசதி இருக்கிறது, நம் அரிசி எதற்கு?” என்று பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சு கூட்டம் நடந்த அறையோடு நிற்கவில்லை. எங்களில் சிலரின் வீடுகளுக்கும் போனது.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தை நினைத்துப் பாருங்கள். அதில் அல்லாஹ் மூன்று காரியங்களைத் தடுக்கிறான். முதலில் தவறான எண்ணம், அடுத்து துருவித் துருவி ஆராய்வது, அதற்கடுத்து புறம் பேசுவது. ஏன் இந்த வரிசை என்று அன்று எங்களுக்குப் புரிந்தது. மனதில் சந்தேகம் வந்தால் கால் துப்பறியப் போகிறது. துப்புக் கிடைத்தால் நாவு சும்மா இருப்பதில்லை. அந்த மூன்று படிகளையும் ஒரே வாரத்தில் இறங்கிவிட்டோம். அதுவும் ஸகாத் பணத்தைப் பாதுகாக்கிறோம் என்ற நல்ல பெயரில்.

பிறகு நம் மகளிர் குழுவைச் சேர்ந்த இரண்டு சகோதரிகள் அந்த வீட்டுக்குப் போனார்கள். கையில் நோட்டுப் புத்தகம் கொண்டு போகவில்லை. உட்கார்ந்து டீ குடித்துப் பேசினார்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நோன்பு மாதத்தில் உணவுப் பொருள் கொடுத்தபோது நாம் படம் எடுத்தோம் அல்லவா? அது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. அவருடைய மூத்த மகளைப் பெண் பார்க்க வந்த வீட்டார், கிளம்பும் நேரத்தில் அந்தப் படத்தைப் போனில் காட்டி, “இது நீங்கள்தானே?” என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணும் அருகில் நின்றிருக்கிறாள். கடையில் வாங்கிய கறி, அவர்களுக்கு விருந்து வைக்கத்தான். அதுவும் கடனுக்கு.

அந்தச் சகோதரி சொன்னது இவ்வளவுதான்: “அரிசி வேணும்தான் லாத்தா. படம்தான் வேணாம்.”

நாங்கள் படம் எடுத்தது ஏன்? உண்மையைச் சொல்கிறோம். பணம் அனுப்பும் வெளிநாட்டுச் சகோதரர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற பயம். “கொடுத்த காசு என்ன ஆச்சு?” என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. கொடுப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இரவு பகலாக யோசித்த நாங்கள், வாங்குபவர் என்ன நினைப்பார் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

நம்மீது பிறருக்குச் சந்தேகம் வராமல் நடந்துகொள்வதும் சுன்னத்தான். அதை மறுக்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் ரமளானின் கடைசிப் பத்தில் இஃதிகாஃப் இருந்தபோது, தம்மைப் பார்க்க வந்த மனைவி ஸஃபிய்யா (ரலி) அவர்களை வழியனுப்ப எழுந்து சென்றார்கள். அந்த இரவு நேரத்தில் அன்ஸாரிகள் இருவர் அவ்வழியே விரைந்து கடந்தார்கள். அவர்களை நிறுத்தி, உடன் இருப்பவர் ஸஃபிய்யாதான் என்று நாயகம் (ஸல்) அவர்களே விளக்கினார்கள். அவர்களுடைய உள்ளத்தில் ஷைத்தான் எதையும் போட்டுவிடக் கூடாதே என்ற கவலை. ஆகவே கணக்கைத் திறந்து வைப்பது நம் கடமை. ஆனால் நம் பெயரைச் சுத்தமாக்க நம் ஏட்டைத்தான் திறக்க வேண்டும். ஒரு ஏழைப் பெண்ணின் முகத்தைத் திறந்து காட்ட நமக்கு என்ன உரிமை?

அல்பகரா அத்தியாயத்தின் 273ஆம் வசனம் சொல்லும் ஏழைகள், கை நீட்டாத மானத்தால், அறியாதவருக்குச் செல்வந்தர்களாகத் தெரிபவர்கள். வற்புறுத்திக் கேட்க மாட்டார்கள். இப்படிப்பட்டவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். துப்பறியவும் கூடாது, கண்டுகொள்ளாமல் விடவும் கூடாது என்றால் என்னதான் வழி?

பத்ருக்கு முன் நாயகம் (ஸல்) அவர்கள் நடந்துகொண்ட முறையைப் பாருங்கள். அது ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு. வணிகக் கூட்டத்தை எதிர்பார்த்துப் புறப்பட்ட சிறு அணிக்கு முன்னால் இப்போது மக்காவின் பெரும் படை. அகபாவில் அன்ஸாரிகள் கொடுத்த வாக்கு, மதீனாவுக்குள் நாயகத்தைப் பாதுகாப்பது பற்றியது. ஊருக்கு வெளியே போர் என்றால் அவர்கள் மனதில் என்ன இருக்கிறது? நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். அபூபக்ர் (ரலி) பேசினார்கள். உமர் (ரலி) பேசினார்கள். அதன் பிறகும் நாயகம் (ஸல்) அவர்கள் ஆலோசனை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தங்களைத்தான் கேட்கிறார்கள் என்று உணர்ந்து அன்ஸாரிகளின் தலைவர் ஸஅத் (ரலி) எழுந்தார்கள். எங்கே அழைத்தாலும் வருவோம் என்று உறுதி சொன்னார்கள். ஊகிக்கவில்லை, ஒற்றறியவில்லை, பெயர் சொல்லி நெருக்கவும் இல்லை. கேட்டார்கள், காத்திருந்தார்கள், மீண்டும் கேட்டார்கள்.

நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். வரிசையில் நின்று பையை வாங்கும்போதே, “குறை ஏதும் உண்டா?” என்று கேட்போம். எல்லாரும், “அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்லை காக்கா” என்பார்கள். அந்தப் பதிலைக் கேட்டு மகிழ்ந்து அறிக்கையிலும் எழுதியிருக்கிறோம். அடுத்த மாத அரிசி வேண்டியவர், இந்த மாத அரிசியில் கல் இருக்கிறது என்று சொல்வாரா? உண்மையைச் சொன்னால் ஒன்றும் குறையாது என்ற தைரியத்தை முதலில் கொடுக்க வேண்டும். பிறகுதான் கேட்க வேண்டும்.

வீட்டிலும் இதே கதைதான். பத்துப் பேர் கூடிய இடத்தில், தட்டு மாற்றும் வேளையில் மகளிடம் போய், “உனக்குச் சம்மதம்தானே?” என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? வாக்குக் கொடுப்பதற்கு முன், தனியாக, உம்மாவை வைத்துக் கேளுங்கள். “வேண்டாம்” என்று சொன்னாலும் வாப்பாவின் முகம் மாறாது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

ஆயிஷா (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை, நீ என்மீது பிரியமாக இருப்பதும் கோபமாக இருப்பதும் எனக்குத் தெரியும் என்றார்கள். எப்படி என்று கேட்டதற்கு, மகிழ்ச்சியாக இருந்தால் முஹம்மதின் இறைவன் மீது ஆணையாக என்பாய், கோபம் என்றால் இப்ராஹீமின் இறைவன் மீது ஆணையாக என்பாய் என்றார்கள். ஆயிஷா (ரலி) ஒப்புக்கொண்டார்கள். பெயரை மட்டும்தான் விடுகிறேன் என்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. மனைவியின் பேச்சை எவ்வளவு கவனமாகக் கேட்டிருந்தால் இந்த ஒரு சொல் மாற்றம் காதில் விழும்! மனைவியின் போனை வாங்கிப் பார்ப்பவர்களும், மருமகளின் பேச்சைக் கதவோரம் நின்று கேட்பவர்களும், நேருக்கு நேர் அவர்கள் பேசுவதை ஒருநாளாவது முழுதாகக் கேட்டுப் பாருங்கள்.

இந்த அனுபவத்திற்குப் பிறகு நிர்வாகம் சில முடிவுகளை எடுத்து நடைமுறைப்படுத்தி வருகிறது. உதவி பெறுபவர் எவரையும் இனிப் படம் எடுப்பதில்லை. வரிசையும் இல்லை, பொருள்கள் இஷாவுக்குப் பிறகு வீடு தேடிப் போகின்றன. தணிக்கை செய்த கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பள்ளிவாசல் பலகையில் ஒட்டுகிறோம். ரசீது, பில் எதை வேண்டுமானாலும் அலுவலகத்துக்கு வந்து பார்க்கலாம். குறை கேட்பது, பொருள் கொடுக்கும் கை அல்ல. மகளிர் குழுச் சகோதரிகள் தனியே போய்க் கேட்கிறார்கள். கேட்டதை நிர்வாகத்திடம் சொல்லும்போது பெயர் சொல்வதில்லை.

இதனால் நமக்கு நஷ்டமும் உண்டு. படம் இல்லாமல் பணம் அனுப்ப முடியாது என்று ஒதுங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மீது வருத்தம் இல்லை. அவர்களின் எண்ணத்தை ஆராயவும் மாட்டோம். படம் கேட்டுப் பழக்கியதே நாம்தான்.

கடைசியாக ஒன்று. அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டோம். கறி விஷயமாக நாங்கள் பேசியதையும் மறைக்கவில்லை. அவர் கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “அல்லாஹ் போதும் காக்கா” என்றார். மனதார மன்னித்தாரா, போதும் போங்கள் என்று சொன்னாரா, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைதான். இந்த உரையில் சொல்ல அனுமதி கேட்டுச் சகோதரிகள் போனபோதுகூட, “சொல்லட்டும், வேற யாருக்கும் இப்படி நடக்காம இருந்தா சரி” என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் சொன்னது நம்மிடம் இருக்கிறது. சொல்லாதது அவருக்கும் ரப்புக்கும் இடையில் இருக்கட்டும்.

அந்தப் பெண்ணுக்கு நல்ல இடம் அமைய துஆச் செய்யுங்கள். பிறரைப் பற்றிய கெட்ட எண்ணத்திலிருந்தும், துருவிப் பார்க்கும் கண்ணிலிருந்தும், புறம் பேசும் நாவிலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. கேட்கத் தெரிந்தவர்களாகவும், கேட்டதைத் தாங்கத் தெரிந்தவர்களாகவும் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.