தேர்வு மேசையின் இருபுறமும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெரிய கம்ப்யூட்டர் ஆலோசனைக் கம்பெனிகளில் வேலை பெறுவது பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்துள்ளார். அத்தகைய கம்பெனியொன்றில் நெடுங்காலம் உழைத்தோம். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியிலும் பல ஆண்டுகள் அமர்ந்தோம். நமக்குள்ள தகுதி அவ்வளவே.

இத்தொழிலுக்கும் மராட்டிய மண்ணுக்கும் உள்ள உறவு பழையது. டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் 1968இல் பம்பாயில் தொடங்கியது. இன்போசிஸ் 1981இல் இப்புனே நகரிலேயே பிறந்து, 1983இல் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. முன்னதன் தலைமை நிர்வாகியாக 1996 முதல் 2009 வரை எஸ். ராமதுரை அவர்களும், பின்னர் 2017 வரை மோகனூரில் பிறந்த சந்திரசேகரன் அவர்களும் விளங்கினர். பெருமைதான், ஆனால் அதைச் சொல்லி எவருக்கும் வேலை கிடைத்துவிடாது.

இக்கம்பெனிகள் விற்கும் சரக்கு யாது? பெரும்பாலும் மனிதரின் உழைப்பு நேரமே. எங்கோ ஒரு வங்கி தன் கணக்கு முறையை மாற்ற விரும்புகிறது. கம்பெனி ஆட்களை அமர்த்திக் கூலி பெறுகிறது. அமர்த்த இடமில்லாதவரைப் ‘பெஞ்சில்’ இருப்பவர் என்பர். வேலையின்றிச் சம்பளம் வருவது சுகமென்று எண்ணாதீர்கள். நாள் நீள நீள உறக்கம் குறையும். ஆகவே தேர்வு செய்பவர் மனத்தில் ஓடும் கேள்வி ஒன்றே: ‘இவரை அடுத்த திங்கட்கிழமை வாடிக்கையாளர் முன் நிறுத்தலாமா?’ வாடிக்கையாளரே மறுபடி ஒரு தேர்வு நடத்துவதும் உண்டு.

நம் பிள்ளைகள் அங்கே ‘நாங்கள் செய்தோம், நாங்கள் முடித்தோம்’ என்பார்கள். ‘அதில் நீங்கள் செய்தது என்ன?’ என்று கேட்டவுடன் வாயடைத்துப் போவார்கள். தற்புகழ்ச்சி கூடாதென்று வளர்ந்தவர்கள் அல்லவா? (நாமும் ‘நாம், நாம்’ என்றே பேசிக்கொண்டிருக்கிறோம், மேடைக்கு அது பொருந்தும்.)

சில ஆண்டுகளுக்கு முன் தென் மாவட்ட இளைஞர் ஒருவர் வந்தார். பிம்பிரியில் மாமா வீட்டில் தங்கியிருந்தார். விண்ணப்பத் தாளில் மூன்றாண்டு அனுபவம் என்றிருந்தது. ‘இரவில் ஓடும் வேலை பாதியில் நின்றால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?’ என்றோம். சற்று நேரம் தலைகுனிந்திருந்தார்.

“சார், மூன்று வருஷம் பொய். பயிற்சி நிலையத்தார் பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தார்கள். ஏழு மாதந்தான் உண்மை.”

பிறகு அந்த ஏழு மாதத்தைச் சொன்னார். பல கடைகளின் விற்பனைக் கணக்கை இரவுதோறும் ஒரே இடத்திற்கு அனுப்பும் வேலை. ஒரு நாள் இணைப்பு அறுந்து, வேலை மீண்டும் தொடங்கியபோது, போன கணக்கே மறுபடியும் போய் விற்பனை இரட்டிப்பாகிவிட்டது. பில் எண்ணை ஒப்பிட்டு, முன்பே வந்ததைத் தள்ளும்படி இவர் திருத்தியிருக்கிறார். தாளில் படம் போட்டு விளக்கினார். மூன்றாண்டு வேலை பார்த்தவர் பலரிடம் அத்தெளிவை நாம் கண்டதில்லை.

ஆயினும் விதி வேறு. பொய்த் தாள் கொடுத்தவரைக் கம்பெனி ஏற்காது. பழைய வேலைகளை விசாரிக்கத் தனியாட்கள் உண்டு; சேர்ந்த பின் பிடிபட்டாலும் வெளியேற்றம்தான். ‘வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டோம். மேலதிகாரியிடம் ஒரு சொல் வாதாடியிருக்கலாம்; வாதாடவில்லை. அவர் வணங்கிவிட்டுப் போனது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஏழு மாதம் என்றே எழுதி வந்திருந்தால் நம் அறைக்கே அவரை அழைத்திருக்க மாட்டார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அதனால் செயலாளரிடம் ஓர் அனுமதி பெற்றுள்ளோம். வரும் ஞாயிறு முதல் காலை பத்து மணிக்குச் சங்க நூல்நிலையத்தில் அமர்ந்திருப்போம். உங்கள் விண்ணப்பத் தாளுடன் வாருங்கள். அதை எழுதியவர் யார் என்றுதான் முதலில் கேட்போம். குறைந்த அனுபவத்திற்கும் கதவு திறக்கும் சிறு கம்பெனிகள் சிலவற்றில் நமக்குப் பழக்கமுண்டு. அங்கே எழுதிக் கொடுக்கிறோம்.