பழைய தரையின் மேல் புதிய தரை

 

இந்திய உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்தபடியாக விசாலமான பழவேற்காடு ஏரியின் கரையோரத்தில், நீர் சூழ அமைந்த பசியாவரம் போன்ற மீனவ கிராமங்களில், வீட்டுத் தரை நிலத்தின் ஈரத்தோடும் உப்போடும் சதா போராடிக்கொண்டிருக்கிறது. அத்தகைய சிமென்ட் தரையின் மேலாயினும், பழைய பங்களாக்களின் தேக்குமரத் தரையின் மேலாயினும், இன்று கடைகளில் மனோகரமான வர்ணங்களில் கிடைக்கும் வினைல் பலகைகளைப் பதிக்க விரும்புவோர் முதலில் ஈரத்தைச் சோதிப்பது அவசியம்.

வினைல் மேலிருந்து நீரைப் புகவிடாது. அதே குணத்தால், அடியிலிருந்து எழும் ஈரத்தையும் வெளியே விடாது. காற்றோட்டமின்றி அடைபட்ட மரம் பூஞ்சணம் பிடித்து உளுத்துப்போகும். சிமென்ட் தரையிலோ பசை விட்டுப் பலகைகள் கிளம்பும்.

சிமென்ட் தரையில் ஒன்றரை அடிச் சதுரமான பாலிதீன் தாளை விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பினால் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளிகள் அரும்பியிருந்தால் அவசரப்படாதீர்கள். மரத்தரையாயின், ஆடும் பலகைகளைத் திருகாணியால் இறுக்கி, மேடுகளை இழைத்துச் சமன்செய்து, சுவரோரம் சுமார் கால் அங்குலம் இடைவெளி விட்டு, பசையில்லாமல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வகையைப் பதியுங்கள். வேண்டாதபோது அதைக் கழற்றி, மரத்தை மீண்டும் மெருகேற்றலாம்.

உறுதியான மரத்தரை வாய்த்தவர்கள் அதை மூடாமல் பேணுவதே உத்தமம். மூடியே தீரவேண்டுமாயின், ஈரம் போக்கிய பின்னரே மூடுங்கள்.