மோதவந்தவனும் தளத்தில் நின்றவனும்: நெய்யாற்றின்கரைக் கருத்தரங்கத் தலைமை உரை



கடற்போர் என்று பேச்செடுத்தால் நெய்யாற்றின்கரை, பாறசாலைக்காரர்கள் நேரே குளச்சலுக்குப் போய்விடுவார்கள். 1741, மார்த்தாண்ட வர்மா, டச்சுத் தளபதி டிலனாய், உதயகிரிக் கோட்டை. அத்தோடு கதை முடிந்துவிடும். குமரி முனையைச் சுற்றிப் போனால் திருகோணமலை. இரண்டாம் உலகப் போரின் கடற்படைகள் அங்கே கூடிக் கலைந்ததைப் பேசுவார் குறைவு.

1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. ஒரு விமானம் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிமேல் விழுந்தது. தீ ஏழு நாள் எரிந்தது என்பார்கள். வேண்டுமென்றே மோதியதா, அடிபட்டு விழுந்ததா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஊர்க்காரர்களுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது! அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல் மூழ்கியது. விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. இறந்தவர்கள் 307 பேர்.

ஜப்பான் மோதிச் சாவதையே போர்முறையாக்கியது 1944 அக்டோபரில், பிலிப்பைன்ஸ் கடலில். அதை ஒழுங்குபடுத்தியவர் ஒனிஷி என்ற துணை அட்மிரல். அந்த விமானிகளைப் பற்றி நூல்களும் திரைப்படங்களும் குவிந்து கிடக்கின்றன. எதிரே நின்ற மாலுமியோ எண்ணிக்கையாகச் சுருங்கிவிட்டான். இக்கருத்தரங்கு அவன் பக்கம் திரும்ப வேண்டும்.

அவன் வேலை இடத்தை விட்டு அசையாமல் இருப்பது. மேலே பீரங்கிக்காரனுக்காவது வானம் தெரியும். கீழே எஞ்சின் அறையில் இருப்பவனுக்குக் காதுதான் கண். பெரிய பீரங்கி முழங்கினால் விமானம் தூரத்தில் இருக்கிறது. 40 மில்லிமீட்டர் பீரங்கி சேர்ந்துகொண்டால் நெருங்கிவிட்டது. 20 மில்லிமீட்டர் படபடத்தால் தலைக்கு மேல் வந்தாயிற்று. எதையாவது பிடித்துக்கொண்டு குனிய வேண்டியதுதான். தீச்சுவாலை முகத்தைப் பொசுக்காமலிருக்க வெள்ளைத் துணி முகமூடியும் கையுறையும் அணிந்து, வெப்பக் கடலில் மணிக்கணக்காக வெந்துகொண்டிருந்தார்கள் பிரிட்டிஷ் மாலுமிகள்.

ஒகினாவாப் போரில் அமெரிக்கக் கடற்படை மட்டும் ஏறத்தாழ 4,900 பேரை இழந்தது. முன்காவலுக்கு நிறுத்தப்பட்ட சிறு கப்பல்களுக்குத்தான் முதல் அடி. 1945 ஏப்ரல் 16 அன்று லாஃபி என்ற நாசகாரிக் கப்பலை இருபதுக்கு மேற்பட்ட விமானங்கள் வளைத்தன. 32 பேர் மாண்டும் கப்பல் மூழ்கவில்லை. இன்னொரு முன்காவல் கப்பலில், விமானந்தாங்கிகள் அந்தப் பக்கம் இருக்கின்றன என்று அம்புக்குறி போட்டுப் பலகை வைத்தார்களாம். சாவு எதிரே நிற்கும்போதும் குசும்பு போகாது போலும்.

1944 நவம்பரில் திருகோணமலையில் உருவாகி, 1945 ஜனவரியில் அங்கிருந்து புறப்பட்டது பிரிட்டிஷ் பசிபிக் கடற்படை. அதன் இன்டிஃபாட்டிகபிள் விமானந்தாங்கிக் கப்பலில் ஏப்ரல் 1 அன்று ஒரு விமானம் மோதி 14 பேர் இறந்தனர். ஆனாலும் ஒரு மணி நேரத்துக்குள் விமானங்கள் மீண்டும் இறங்கின. தளத்தில் இரும்புக் கவசம் இருந்தது. மரப்பலகைத் தளம் கொண்ட அமெரிக்கக் கப்பல் பங்கர் ஹில்லில், மே 11 அன்று இரண்டு விமானங்கள் மோதியதில் ஏறத்தாழ 390 உயிர்கள் போயின. மாலுமியின் துணிவைப் பேசுபவர்கள் கப்பல் கட்டியவனின் கணக்கையும் பார்க்க வேண்டும். இரண்டு கப்பல்களிலும் நின்றவர்கள் ஒரே அளவு துணிச்சல் கொண்டவர்கள்தான்.

இந்தியப் பெருங்கடலிலும் ஓர் அத்தியாயம் நடந்தது. 1945 ஜூலை 26, ஃபூக்கெட் அருகே பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கடற்படைமீது தற்கொலை விமானங்கள் பாய்ந்தன. கண்ணிவாரிக் கப்பல் வெஸ்டல் போயிற்று. சசெக்ஸ் கப்பலின் பக்கவாட்டில் மோதிய விமானம், இறக்கை உட்பட தன் உருவத்தை இரும்பில் பதித்துவிட்டுச் சிதறியது. அதன் நிழற்படம் இன்றும் கிடைக்கிறது. ஜப்பான் சரணடைய அப்போது மூன்று வாரம்கூட இல்லை.

இன்றைய அமர்வுகள் விமானிகளின் கடிதங்களோடு நின்றுவிடாமல், கப்பல் பதிவேடுகள், மருத்துவக் குறிப்புகள், எஞ்சின் அறை நினைவுகள் ஆகியவற்றையும் எடுத்துப் பேச வேண்டும். இந்த எல்லைக் கிராமங்களில் எந்தப் பாட்டாவாவது அந்நாளில் கடற்படைக்குப் போயிருந்தால், அவருடைய படைவிலக்குச் சான்று தமிழிலோ மலையாளத்திலோ எழுதிய கடிதத்தோடு பெட்டிக்குள் கிடக்கலாம். கட்டுரையாளர்கள் ஊருக்குத் திரும்பியதும் கேட்டுப் பார்க்கட்டும். முதல் அமர்வு திருகோணமலை பற்றியது. கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.