வார்டில் இதயம் நின்றால்

சிகிச்சையில் இருக்கும் நோயாளியின் இதயத்துடிப்பு திடீரென நின்றுவிட்டால், சில நிமிடங்களிலேயே மூளை பாதிப்படையத் தொடங்கும். உடனே நெஞ்சை அழுத்தவேண்டும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில். மார்பை வெளியிலிருந்து அழுத்தியே இரத்தவோட்டத்தைத் தக்கவைக்கலாம் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்களான கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் 1960இல் எழுதினர். இதற்கு இரண்டு கைகள் போதும். ஆனால் வருமானம் குறைந்த நாடுகளின் பல மருத்துவமனைகளில் அந்தக் கைகள் தாமதமாகத்தான் வருகின்றன.

ஆட்பற்றாக்குறை முதல் காரணம். நிரம்பி வழியும் வார்டை இரவில் ஒரே செவிலியர் பார்த்துக்கொள்ளும்போது, மூச்சு நின்றதை முதலில் கவனிப்பவர் பக்கத்தில் இருக்கும் உறவினராகக்கூட இருக்கலாம். கைகள் வந்துவிட்டாலும், தொய்ந்த கட்டிலில் எவ்வளவு அழுத்தினாலும் மெத்தைதான் உள்ளே போகும். முதுகுக்கு அடியில் வைக்க ஒரு பலகை வேண்டும். பெரிய செலவில்லாத அந்தப் பலகையும் தேடும்போது கிடைப்பதில்லை.

கருவிகளின் கதை இன்னும் சிக்கலானது. ஏழை நாடுகளின் மருத்துவமனைக் கருவிகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு இயங்காமல் கிடப்பதாக 2011இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிபிரிலேட்டர் நன்கொடையாக வந்திருக்கும், அதன் பேட்டரி செத்திருக்கும். மாற்று பேட்டரி உள்ளூரில் கிடைக்காது. பழுதுபார்க்கத் தெரிந்தவர் தலைநகரில் இருப்பார்.

டிஃபிபிரிலேட்டர் வேலை செய்தாலும் எல்லா நோயாளிக்கும் உதவாது. மின்னதிர்ச்சி பயன்படுவது இதயம் ஒழுங்கின்றித் துடிதுடிக்கும் சில நிலைகளில் மட்டுமே. கிருமித்தொற்று, பிரசவ இரத்தப்போக்கு, நிமோனியா ஆகியவற்றால் துவண்டு நின்றுபோகும் இதயத்துக்குத் தேவை ஆக்சிஜன், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை, அட்ரீனலின் ஊசி, இழந்த இரத்தத்தை ஈடுகட்ட இரத்தம். குழந்தைகளிடம் மூச்சுத்திணறலே பெரும்பாலும் காரணமாவதால், ஆம்பு பைக்கும் அளவான முகமூடிக்கும் முன்னுரிமை வேண்டும். திறப்பு விழாப் படத்தில் டிஃபிபிரிலேட்டர் எடுப்பாகத் தெரியும்தான். கொள்முதல் பட்டியலில் அது ஆக்சிஜனுக்குப் பின்னால் வரலாம்.

அவசர மருந்துத் தள்ளுவண்டியை ஒவ்வொரு ஷிப்ட்டிலும் சரிபார்ப்பது சலிப்பூட்டும் வேலை. காலாவதியான ஊசியும் தொண்டைக்குள் பார்க்க உதவும், ஆனால் பல்ப் எரியாத லாரிங்கோஸ்கோப்பும் வெளிப்படுவது அதில்தான். பூட்டிய வண்டியின் சாவி வீட்டுக்குப் போன ஒருவரிடம் இருந்தால், உள்ளே இருப்பதெல்லாம் வீண்.

வார்டில் இதயம் நிற்பது பல வேளைகளில் முன்னறிவிப்போடு வருகிறது. சில மணி நேரத்துக்கு முன்பே மூச்சு வேகமாகும், இரத்த அழுத்தம் சரியும், நோயாளி குழம்பிப் பேசுவார். மூச்சை எண்ண ஒரு கைக்கடிகாரம் போதும். எண்ணியதைக் குறித்து, எந்த எண்ணிக்கை வந்தால் மருத்துவரை அழைப்பது என்று முன்கூட்டியே வகுத்த மருத்துவமனை, நெஞ்சை அழுத்தும் கட்டத்துக்கே போகாமல் சிலரைக் காப்பாற்றுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட அடிப்படை அவசரச் சிகிச்சைப் பயிற்சி, குறைந்த வசதியில் பணிபுரிவோருக்காகவே அமைந்தது. ஆனால் நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் சி.பி.ஆர். திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். வார்டிலேயே ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு அடிக்கடி பத்து நிமிடம் பழகுவது, ஆண்டுக்கொருமுறை நகரத்துக்கு அனுப்புவதைவிடப் பயனளிக்கும்.

துடிப்பு திரும்பிய பின் வென்டிலேட்டரும் ஐ.சி.யூ. படுக்கையும் வேண்டியிருக்கும். அவை இல்லாத இடத்தில், எங்கே மாற்றுவது, எந்த வண்டியில், வழியில் யார் மூச்சுக் கொடுப்பது என்பதை முன்பே எழுதி வைத்திருக்கவேண்டும். ஒவ்வொரு நிகழ்வையும் பதிவேட்டில் குறிக்கவேண்டும்: துடிப்பு நின்றதை எத்தனை மணிக்குக் கண்டார்கள், அழுத்தம் எப்போது தொடங்கியது, எந்த மருந்து கிடைக்கவில்லை. அடுத்த மாதக் கொள்முதலை அந்தப் பதிவேட்டிலிருந்தே முடிவு செய்யலாம்.